குதிரைக்குக் கீழே நின்றவன்

காவிரிக் கரை இரும்பு – 9

வெள்ளைக் கோபுரம் வழியாக ஸ்ரீரங்கம் கோயிலுக்குள் நுழைகிறவர்கள் ஆயிரங்கால் மண்டபத்தைத் தேடித்தான் நடப்பார்கள். அதற்கு எதிரே இருக்கும் சேஷராயர் மண்டபத்தின் முகப்புத் தூண்களைக் கண்டதும் கால் தானாக நின்றுவிடும். முன்னங்கால்களைத் தூக்கிப் பாய்ந்தெழும் குதிரைகள், ஆளுயரத்தைத் தாண்டிய உயரத்தில் வரிசையாக நிற்கின்றன. குதிரைமேல் வீரன், அவன் கையில் ஈட்டி, ஈட்டியின் முனையில் சீறும் விலங்கு. விஜயநகர, நாயக்கர் காலத்துக் கல்தச்சர்கள் 16ஆம் நூற்றாண்டில் செய்து வைத்த வேலை இது. கடிவாளத்தின் முறுக்கும் சேணத்தின் தையலும்கூடக் கல்லில் தெரியும்.

வருகிறவர்கள் குதிரையைப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். நானும் பல வருடங்கள் அப்படித்தான் பார்த்துவிட்டு வந்தேன். ஒருமுறை மழைக்கு ஒதுங்கி அந்த மண்டபத்தில் ஒரு மணி நேரம் உட்கார நேர்ந்தபோதுதான், குதிரைக்குக் கீழே நிற்கிறவனைக் கவனித்தேன். குளம்புகளுக்கு அடியில், தரையில் கால் ஊன்றி, ஒரு கையில் கேடயத்தோடும் மறுகையில் சிறிய வாளோடும் நிற்கிற காலாள். சில தூண்களில் அவன் விலங்கின் உடம்பிலேயே குத்துவாளை இறக்கிக்கொண்டிருக்கிறான். மேலே இருக்கிற வீரனுக்கும் புலிக்கும் நடுவே ஒரு குதிரையின் உயரமும் ஒரு ஈட்டியின் நீளமும் இருக்கின்றன. கீழே நிற்கிறவனுக்கும் புலிக்கும் நடுவே இருப்பது ஒரு சாண் இரும்பு மட்டும்.

சென்ற இதழில் கொடுமணலின் உலைகளைப் பார்த்தோம். இந்த இதழ் அந்தக் காலாளின் கையில் இருக்கிற இரும்பைப் பற்றியது. காட்டுக்குள்ளும் முன்பின் தெரியாத நாட்டுக்குள்ளும் முதலில் நுழைந்தவர்கள் இடுப்பில் எதைச் செருகிக்கொண்டு போனார்கள், அதை யார் அடித்துக் கொடுத்தார்கள் என்பதைத் தேடிக்கொண்டு போனால், கதை காவிரியில் தொடங்கி மிசூரி ஆறு வரை நீள்கிறது.

தென்னாட்டு வீரர்களின் இடுப்பில் இருந்தது கட்டாரி. சமுதாடு என்றும் சொல்வார்கள். மற்றக் கத்திகளின் பிடி அலகின் போக்கிலேயே நீண்டிருக்கும். கட்டாரியில் அப்படி இல்லை. அலகின் அடியிலிருந்து இரண்டு இரும்புப் பட்டைகள் இணையாகப் பின்னோக்கி வரும். அவற்றுக்கு நடுவே ஏணிப் படி மாதிரி குறுக்காக ஒரு பிடி. பிடியை மடக்கிப் பிடித்தால் பட்டைகள் இரண்டும் முன்கையின் இருபுறமும் அணைந்து நிற்கும். முஷ்டியும் அலகும் ஒரே நேர்க்கோட்டில் வந்துவிடும். மணிக்கட்டு மடங்க வழியில்லை. கையை வீசிக் குத்தினால் தோளின் பலமும் உடம்பின் கனமும் முனைக்கே போய்ச் சேரும். பாய்ந்து வரும் விலங்கின் வேகத்தைத் தாங்க வேண்டியவனுக்கு இப்படி ஒரு பிடியை முதலில் யோசித்தவன் பட்டறையில் மட்டும் உட்கார்ந்திருந்தவனாக இருக்க முடியாது என்று எனக்குத் தோன்றும். காட்டுக்குப் போய் வந்தவர்கள் சொல்லக் கேட்டுச் செய்திருக்க வேண்டும்.

தஞ்சை, திருச்சி, மதுரை நாயக்கர் காலத்துக் கட்டாரிகளில் கைக்கு முன்னால் பாய்மரம் போல் விரிந்த ஒரு காப்பு இருக்கும். அதில் கொடியும் யாளியும் பறவையும் துளைத்துச் செதுக்கியிருப்பார்கள். அலகைப் பார்த்தால் ஆச்சரியம் காத்திருக்கும். பல கட்டாரிகளின் அலகு ஐரோப்பாவிலிருந்து வந்தது. போர்த்துக்கீசியர் கப்பலில் வந்து இறங்கிய நீண்ட வாள்கள் ஒடிந்தபோதும், நம் வீரனின் கைக்கு நீளம் ஒத்துவராதபோதும், கொல்லர்கள் அதை அறுத்து, அடியில் ஆணி அறைந்து கட்டாரியில் ஏற்றினார்கள். தூணில் பாய்கிற குதிரையும் அப்படித்தான். ஓர்முஸ் துறைமுகத்திலிருந்து கோவா வழியாகக் கடல் கடந்து விஜயநகரத்துக்கு வந்து சேர்ந்த அரபுக் குதிரைகளின் சாயல் அது. குதிரையும் அலகும் கடல்வழி வந்தன. கைப்பிடியும் கையும் நம்முடையவை.

அந்தக் கட்டாரிகளில் சில பிறகு எதிர்த்திசையில் கடல் கடந்தன. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் தஞ்சாவூர்க் கட்டாரிகள் இருக்கின்றன. ஜார்ஜ் கேமரன் ஸ்டோன் என்ற அமெரிக்கர் உலகெங்குமிருந்து சேர்த்த ஆயுதங்களை 1935இல் அந்த அருங்காட்சியகத்துக்கு எழுதி வைத்துவிட்டுப் போனார். அவற்றோடு நம் டெல்டாவின் இரும்பும் அங்கே போய்ச் சேர்ந்தது. அந்த நாட்டுக்குத் தன் சொந்தக் கத்திக் கதை ஒன்று உண்டு. நம் கதையை அதன் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதற்காக அங்கே ஒரு நடை போய்விட்டு வருவோம்.

1803இல் மெரிவெதர் லூயிஸ் என்ற இளம் படை அதிகாரி ஒரு பட்டியல் எழுதினார். அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜெபர்சன் அவரையும் வில்லியம் கிளார்க்கையும் மேற்கே, வெள்ளைக்காரர் யாரும் குறுக்கே கடந்திராத நிலத்தின் வழியாகப் பசிபிக் கடல் வரை போய்வர அனுப்பினார். ஹார்ப்பர்ஸ் பெர்ரி என்ற ஊரின் ஆயுதக் கிடங்கில் லூயிஸ் கேட்டு வாங்கியவை: 15 துப்பாக்கிகள், 15 இடுப்புக் கத்திகள், அவற்றுக்கான கச்சைகள், சிறு கோடரிகள். வழியில் சந்திக்கப்போகும் பூர்வகுடி மக்களுக்குக் கொடுக்கவும் பண்டமாற்றுச் செய்யவும் மணிகள், ஊசிகள், கண்ணாடிகளோடு தனியாக நிறையக் கத்திகளும் மூட்டையில் ஏறின. 1804 மே மாதம் புறப்பட்டவர்கள் 1806 செப்டம்பரில் திரும்பினார்கள்.

அந்தப் பயணத்தில் கத்தி என்ன வேலை செய்தது என்று பார்த்தால், நாள் முழுவதும் தோல் உரித்தது, இறைச்சி அறுத்தது, செருப்புத் தோல் வெட்டியது, விறகு சீவியது. அன்றைய துப்பாக்கியில் ஒரு குண்டுதான் போடலாம். மருந்து கொட்டி, துணித் துண்டில் சுற்றிய குண்டை வைத்து, கோலால் இடித்து இறக்கி, மீண்டும் குறி பார்ப்பதற்குள் அரை நிமிடத்துக்கு மேல் ஆகிவிடும். அந்தத் துணியை வெட்டுவதற்கே வேட்டைக்காரர்கள் தனியாகச் சிறுகத்தி ஒன்று வைத்திருந்தார்கள். 1805 ஜூன் 14 அன்று லூயிஸ் ஒரு காட்டெருமையைச் சுட்டுவிட்டு, மறுபடி மருந்து போட மறந்து நின்றார். இருபது தப்படி தூரத்தில் ஒரு பெருங்கரடி வந்துவிட்டது. ஓடினார். ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, கையில் இருந்த ஈட்டிக் கோலைத் திருப்பி நீட்டினார். கரடி என்ன நினைத்ததோ, திரும்பிப் போய்விட்டது. அதைப் படித்த அன்று எனக்குச் சேஷராயர் மண்டபத்துத் தூண்தான் கண்ணில் வந்து நின்றது. ஈட்டி, விலங்கு, மனிதன். குதிரை மட்டும் இல்லை.

இரண்டரை ஆண்டுப் பயணத்தில் உயிர்ப்பலியில் முடிந்த மோதல் ஒன்றே ஒன்று. 1806 ஜூலை 27 விடியற்காலையில் பிளாக்ஃபீட் மக்களைச் சேர்ந்த இளைஞர்கள் துப்பாக்கிகளை எடுத்துக்கொண்டு ஓடியபோது, ரூபின் பீல்ட் என்ற வீரர் துரத்திச் சென்று ஒருவனைக் கத்தியால் குத்தினார். அவன் அங்கேயே இறந்தான். இன்னொருவனை லூயிஸ் சுட்டார். கத்தி சமையலுக்கும் தோலுக்கும் ஆகிவந்த அந்தப் பயணக் கதையில், தங்கள் சொந்த நிலத்தில் நின்ற அந்த மக்களின் குருதியும் இருக்கிறது. அதை விட்டுவிட்டு எழுதுவது சரியில்லை.

லூயிஸ் அந்தப் பட்டியலை எழுதிய காலத்தில் திருச்சியில் என்ன நடந்தது?

1801 ஜூன் 16. மருது பாண்டியரின் பிரகடனம் திருச்சிக் கோட்டை வாயிலில் ஒட்டப்பட்டது. ஸ்ரீரங்கம் கோயில் மதிலிலும் ஒன்று ஒட்டப்பட்டது. ஜம்புத்தீவில் வாழும் எல்லாச் சாதியாரையும் எல்லா இனத்தாரையும் கிழக்கிந்தியக் கும்பினிக்கு எதிராக எழுந்து நிற்கச் சொன்ன அறிவிப்பு அது. அக்டோபர் 24 அன்று மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். கர்நாடக நவாபின் ஆட்சிப் பொறுப்பு முழுவதும் அதற்கு முன்பே, ஜூலை மாத உடன்படிக்கையோடு கும்பினியின் கைக்குப் போய்விட்டது. டிசம்பர் 1ஆம் தேதி சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ் ஓர் ஆணை பிறப்பித்தார். பாளையக்காரர்களின் கோட்டைகள் இடிக்கப்பட வேண்டும், மக்கள் ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும், இனி ஆயுதம் வைத்திருப்பது குற்றம்.

இந்த எட்வர்ட் கிளைவின் தந்தை ராபர்ட் கிளைவ். 1752இல் திருச்சி முற்றுகையின்போது இதே கொள்ளிடத்தின் வடகரையில் போரிட்டவர். அந்த ஆண்டு ஜூனில் பிரெஞ்சுப் படை ஸ்ரீரங்கத் தீவில் சரணடைந்தது. தந்தை திருச்சிக்கு வாளோடு வந்தார். அரை நூற்றாண்டு கழித்து மகன் தென் தமிழகத்து மக்களின் கையிலிருந்த வாளைப் பிடுங்கினார்.

அமெரிக்காவில் புதிய நிலத்துக்குள் நுழைகிறவனுக்கு அரசு கத்தியைக் கொடுத்த அதே காலத்தில், இங்கே தன் நிலத்தில் நின்றவனிடமிருந்து அரசு கத்தியை வாங்கிக்கொண்டது. அதன் பிறகு நம் கொல்லனுக்கு என்ன ஆயிற்று என்ற கேள்வியை நம் வரலாற்று நூல்கள் அதிகம் கேட்கவில்லை. பாளையக்காரனுக்கு ஈட்டி வடித்த பட்டறைகள் ஒரே ஆண்டில் தங்கள் பெரிய வாடிக்கையாளர்களை இழந்தன. கலப்பைக் கொழுவும் அரிவாளும் மிஞ்சின. பிறகு வேறொரு வாடிக்கையாளன் வந்தான். அவன் யார் என்று சொல்வதற்கு முன்னால் உருக்கைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்லியாக வேண்டும். கதையின் முதுகெலும்பு அதுதான்.

சேலத்துக் கஞ்சமலையின் கருமணலையும் கல்லையும் உருக்கி இரும்பெடுத்தார்கள். அந்த இரும்பை உருக்காக்கும் முறையை ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற கும்பினி அதிகாரி நேரில் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். இரும்பைச் சிறு துண்டுகளாக வெட்டிக் குகை என்னும் களிமண் மூசையில் போடுவார்கள். அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு, காய்ந்த ஆவாரங்குச்சியைப் பொடியாக நறுக்கிச் சேர்ப்பார்கள். மேலே எருக்கிலை ஒன்றிரண்டை மூடுவார்கள். குகையின் வாயைக் களிமண்ணால் அடைப்பார்கள். மண் காய்ந்ததும் இருபது, இருபத்துநாலு குகைகளை வில்வளைவாக அடுக்கி, கரியால் மூடி, துருத்தி ஊதுவார்கள். இரண்டரை மணி நேரம் இடைவிடாத ஊதல். ஆறிய பிறகு குகையை உடைத்தால் உள்ளே ஒரு கட்டி உருக்கு இருக்கும். குகைக்கு அரை ராத்தலிலிருந்து இரண்டு ராத்தல் வரை.

ஆவாரங்குச்சியும் எருக்கிலையும் ஏன்? அடைத்த குகைக்குள் அவை கரியாகி, அந்தக் கரி இரும்புக்குள் இறங்குகிறது. கரி ஏறிய இரும்பு குறைந்த வெப்பத்திலேயே உருகுகிறது, ஆறியபின் கடினப்படுகிறது. மரக்கரியைப் பொதிந்து இரும்பை நாள்கணக்கில் சூடேற்றும் ஐரோப்பிய முறைக்குப் பக்கத்தில் இந்த இரண்டரை மணி நேரத்தை வைத்துப் பாருங்கள். வேலியில் பூத்துக் கிடக்கும் ஆவாரையையும் வண்டிப்பாதையோரத்து எருக்கையும் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும். பொங்கலுக்குக் கூரையில் செருகுகிற செடி உலகத்தின் உயர்ந்த உருக்குக்குள்ளும் இருந்தது.

ஆங்கிலேயர் இதை ‘வூட்ஸ்’ என்றார்கள். கன்னடத்து ‘உக்கு’ என்ற சொல்லின் திரிபு என்று பலரும் சொல்கிறார்கள். நம் ‘உருக்கு’ அதற்கு நெருங்கிய உறவு. பம்பாயில் இருந்த மருத்துவர் ஹெலினஸ் ஸ்காட் 1794இல் இதன் கட்டிகளை லண்டன் ராயல் சொசைட்டியின் தலைவர் ஜோசப் பேங்க்ஸுக்கு அனுப்பினார். லண்டனில் அறுவைக் கருவிகள் செய்த ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டின் பட்டறைக்கு அது போனது. அவர் அதில் பேனாக்கத்தி செய்து பார்த்து, தான் தொட்ட உருக்குகளில் இதுவே சிறந்தது என்ற முடிவுக்கு வந்தார். பிறகு மைக்கேல் பாரடேயோடு சேர்ந்து பல ஆண்டுகள் அதன் இரகசியத்தைத் தேடினார். மின்சாரத்தால் உலகறிந்த அந்தப் பாரடேதான், 1819இல் நம் உருக்கைப் பகுத்துப் பார்த்தவரும். மற்ற ஆங்கிலக் கொல்லர்கள் பலர் இதை அடிக்கத் தெரியாமல் தோற்றார்கள். தங்கள் உருக்கைப் போல வெள்ளை நிறத்துக்குச் சூடேற்றினால் இது சம்மட்டியின் கீழ் உதிர்ந்துபோகும். இளஞ்சிவப்பிலேயே பொறுமையாக அடிக்க வேண்டும். எந்தச் சிவப்பில் எடுக்க வேண்டும், எப்போது துவைச்சல் கொடுக்க வேண்டும் என்பது நம் பட்டறையில் பையனுக்குக் கண்ணால் கற்றுக்கொடுக்கப்பட்டது, எழுத்தில் இல்லை.

ஹீத் பார்த்ததோடு நிற்கவில்லை. கும்பினி வேலையை விட்டுவிட்டு, 1830இல் பரங்கிப்பேட்டையில் பெரிய இரும்பாலை ஒன்றைத் தொடங்கினார். சேலத்துக் கனிமத்தைக் கடற்கரை வரை கொண்டுவர வேண்டியிருந்தது. உலைக்கு வேண்டிய மரக்கரிக்காகக் காடுகள் அழிந்தன. ஆலை வளரவில்லை, கடன் வளர்ந்தது. ஹீத் இங்கிலாந்துக்குத் திரும்பி ஷெபீல்டில் வேறொரு சோதனையில் இறங்கினார். 1839இல் உருக்கில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். மட்டமான ஆங்கிலேய இரும்பிலிருந்தும் நல்ல வார்ப்புருக்கு செய்ய அது வழி திறந்தது. ஷெபீல்டின் உருக்கு விலை இறங்கியது. ஆலைக்காரர்கள் அவருடைய முறையில் சிறு மாற்றம் செய்துகொண்டு, காப்புரிமைத் தொகையைக் கொடுக்க மறுத்தார்கள். ஆண்டுக்கணக்கில் நடந்த வழக்கிலேயே அவருடைய செல்வமும் ஆயுளும் கரைந்தன. சேலத்துக் கொல்லர்களின் உலைக்கு முன்னால் நின்று உருக்கு என்றால் என்னவென்று கற்றுக்கொண்ட ஒருவர் ஷெபீல்டைச் செழிக்க வைத்தார், தான் செழிக்கவில்லை.

இந்த இடத்தில் நம் கதை அமெரிக்கக் கதையோடு நேராக வந்து முட்டுகிறது. 1827 செப்டம்பர் 19 அன்று மிசிசிப்பி ஆற்று மணல்திட்டு ஒன்றில், வேறு இருவரின் சண்டைக்குத் துணையாகப் போன ஜேம்ஸ் போவி என்பவர், குண்டடிபட்டு, வாள்குத்துப் பட்டு விழுந்த நிலையிலும் தன் பெரிய கத்தியால் எதிரியைக் கொன்றார். செய்தித்தாள்கள் கதையைப் பரப்பின. கத்திக்கே போவி என்று பெயர் வந்தது. முதல் கத்தியைச் செய்தது அவருடைய அண்ணனா, ஆர்க்கன்சாவின் ஜேம்ஸ் பிளாக் என்ற கொல்லரா என்று இன்னமும் சர்ச்சை நடக்கிறது. 1836 மார்ச் 6 அன்று அலாமோ கோட்டையில் போவி இறந்தபின் எல்லைப்புறத்துக்குப் போகிற ஒவ்வொருவனுக்கும் அப்படி ஒரு கத்தி வேண்டியிருந்தது. அத்தனை பேருக்கும் யார் அடித்துக் கொடுத்தார்கள்? பெரும்பகுதியை ஷெபீல்ட்தான். அமெரிக்கர்களின் வீர வாசகங்களை அலகில் பொறித்து, கப்பல் கப்பலாக அனுப்பினார்கள். மாசசூசெட்ஸில் ஜான் ரஸ்ஸல் 1834இல் தொடங்கிய கிரீன் ரிவர் பட்டறைதான் அதற்கு உள்நாட்டுப் போட்டியாக எழுந்தது. மலைக்காட்டில் தோல் வேட்டையாடியவர்களிடம் அதன் கத்திகள் புகழ் பெற்றன.

போவி கத்தி எதுவும் கஞ்சமலை உருக்கில் செய்யப்பட்டது என்று நான் சொல்லவில்லை. ஹீத்தின் முறை வந்த பிறகு ஷெபீல்டின் உலைகளில் வார்த்த உருக்கின் பின்னால், ஆவாரங்குச்சியின் அளவைக் கண்ணாலேயே அறிந்திருந்த நம் ஊர்க் கொல்லர்களின் அறிவு ஒரு படியாக இருந்தது. அவர்களில் ஒருவரின் பெயரைக்கூட ஹீத் எழுதி வைக்கவில்லை. எனக்கு ஹீத்மேல் மரியாதை உண்டு. இந்த ஒரு குறையை மட்டும் மன்னிக்க மனம் வரவில்லை.

இனி அந்தப் புதிய வாடிக்கையாளன். கும்பினி அதிகாரிகளும் படைத்தலைவர்களும் நில அளவைக்காரர்களும் காட்டுக்குள் போகத் தொடங்கினார்கள். சேர்வராயன், கொல்லிமலை, பச்சைமலை, நீலகிரி. மேலே வேட்டை, கீழே அளவைச் சங்கிலி. அவர்களுடைய துப்பாக்கியும் லூயிஸின் துப்பாக்கியைப் போலத்தான் ஒரு குண்டுக்காரத் துப்பாக்கி. காயம்பட்ட கரடியும் காட்டுப்பன்றியும் மருந்து போடும்வரை காத்திருக்காது. ஆகவே இடுப்புக் கத்தி. இங்கிலாந்திலிருந்து வந்த கத்தி நம் வெயிலிலும் மழையிலும் பிடி தளர்ந்து போனபோது அவர்கள் உள்ளூர்ப் பட்டறையைத் தேடினார்கள்.

அப்படித் தேடியவர்கள் சேலத்தில் கண்டெடுத்த பெயர் அருணாசலம். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இந்தியா முழுவதும் வேட்டைக்காரர்களிடம் புகழ்பெற்ற கொல்லர் அவர். வேட்டைக் கத்தி, பன்றி குத்தும் ஈட்டி இரண்டிலும் அவர் கை தனி. ஆங்கிலேயர் வாயில் அந்தப் பெயர் எப்படித் திரிந்ததோ அப்படியே, ‘ஆர்னாசெல்லம், சேலம்’ என்று ஆங்கில எழுத்தில் அலகின் அடியில் முத்திரை குத்தினார். இன்றும் அந்த முத்திரையுள்ள கத்திகள் லண்டன் ஏலங்களில் நல்ல விலைக்குப் போகின்றன. அவற்றில் சில, முனையருகே முதுகு வளைந்து வெட்டப்பட்ட போவி கத்தியின் சாயலிலேயே இருக்கின்றன. எல்லைப்புற அமெரிக்காவில் பிறந்த வடிவம் ஷெபீல்ட் வழியாக ஓர் ஆங்கிலேயனின் பெட்டியில் சேலத்துக்கு வந்து, அருணாசலத்தின் பட்டடையில் மறுபடி பிறந்திருக்கிறது. 1801இல் ஆயுதம் பறிக்கப்பட்ட நாட்டின் கொல்லர் ஒருவர் அரை நூற்றாண்டுக்குள் தன் பெயரை அலகில் வெட்டிக்கொண்டார் என்பதை நினைக்கும்போது எனக்கு நெஞ்சு நிறைகிறது. கொடுமணல் காலத்திலிருந்து நம் கத்தி செய்தவர்களில் தன் பெயரைத் தன் இரும்பிலேயே விட்டுப்போனவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

திருச்சியும் அந்த வியாபாரத்துக்குள் இருந்தது. படைவீடு பெரியது, அதிகாரிகள் அதிகம். 19ஆம் நூற்றாண்டின் ஆங்கில விவரநூல்கள் திருச்சியைப் பற்றிப் பேசும்போது சுருட்டையும் வெள்ளி நகையையும் சொல்லிவிட்டு, சேணத்தையும் கத்தி முதலிய இரும்புச் சாமான்களையும் சேர்த்தே சொல்லும். சுருட்டின் புகழ் மட்டும் 1887இல் வெளிவந்த ஷெர்லாக் ஹோம்ஸின் முதல் கதை வரை போனது. அந்தக் கதையில் துப்பறிவாளர் சாம்பலைப் பார்த்தே திருச்சிச் சுருட்டு என்று கண்டுபிடிக்கிறார். கத்திக்கு அப்படி ஒரு கதாசிரியர் வாய்க்கவில்லை. கோட்டை மதிலை இடித்து அகழியைத் தூர்த்த இடத்தில் சாலைகள் வந்தன. அந்தச் சாலைகளுக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் ‘பூலவார்ட்’. நம் வாயில் அது புலிவார் ஆகி, இன்று மேலப்புலிவார் ரோடு. இரும்பின் ஓசை அந்தப் பக்கத்தில் இன்னும் கேட்கிறது.

1878இல் ஆயுதச் சட்டம் வந்தது. வாளும் குத்துவாளும் ஈட்டியும் துப்பாக்கியோடு சேர்த்து உரிமம் கேட்கும் பொருள்களாயின. இன்றைய விதியிலும் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு ஆயுதம்தான். வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் உள்ளவற்றுக்கு மட்டும் விலக்கு. அந்த விலக்கின் கதவு வழியாகத்தான் நம் அரிவாளும் கொடுவாளும் பிழைத்தன. கட்டாரி அருங்காட்சியகத்துக்குப் போனது, அரிவாள் வாழைத்தோட்டத்தில் இருக்கிறது.

வேட்டைக்காரத் துரைமார் எழுதிய நூல்களில் அவர்களுடைய கத்தியின் நீளம், எடை, பிடியில் பதித்த மான்கொம்பு எல்லாம் வரும். அவர்களுக்கு முன்னால் நடந்து வழி வெட்டியவர்கள் இடுப்பில் இருந்ததை யாரும் அளந்து எழுதவில்லை. பச்சைமலையிலும் கொல்லிமலையிலும் மலையாளி என்ற மலைவாழ் மக்கள்தான் அந்தக் காட்டின் வழியை அறிந்தவர்கள். துரை எந்தக் காட்டுக்குள் முதன்முதலாகப் போனதாக எழுதினாரோ அதில் அவர்களுடைய பாட்டன் தேனெடுத்திருப்பான். அவர்கள் கையில் இருந்தது முனை வளைந்த கொடுவாள். முள்வெட்ட, மூங்கில் பிளக்க, கிழங்கு தோண்ட, வீடு கட்ட, எல்லாவற்றுக்கும் அது ஒன்றே. அமெரிக்காவில் லூயிஸுக்கு முன்னால் வழிகாட்டி நடந்த ஷோஷோனி மக்களின் கத்தியைப் பற்றியும் அவ்வளவுதான் எழுதியிருக்கிறார்கள்.

இன்றைய திருச்சி இரும்புக்குப் பெயர்பெற்ற ஊர்தான். பொன்மலையில் ரயில்வே பணிமனை, 1966இல் தொடங்கிய துப்பாக்கித் தொழிற்சாலை, திருவெறும்பூரில் பெல். அவற்றின் நிழலில் கொல்லுப்பட்டறைகளும் இருக்கின்றன. உருக்குக்கு இப்போது கஞ்சமலை வேண்டாம். லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டைதான் மூலப்பொருள். நல்ல உருக்கு, கிடைக்க எளிது. நான் போன பட்டறையில் பட்டையை நீளவாக்கில் பிளந்து, அடித்து, வாய் இழைத்து, பிறகு உலையில் வைத்தார்கள். துருத்திக்குப் பதிலாக மின்விசிறி. பெரியவர் நிறத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். செம்பருத்தி நிறம் வந்ததும் குறட்டால் எடுத்து, முனையை மட்டும் தண்ணீரில் வைத்து எடுத்தார். முதுகு இன்னும் சிவப்பாக இருந்தது. அந்தச் சூடு மெல்ல வாய்க்குத் திரும்பி வரும்வரை காத்திருந்தார். வாய் வைக்கோல் நிறத்துக்கு வந்தபோது முழுவதும் முக்கினார்.

“எப்படித் தெரியுது ஐயா?” என்று கேட்டேன்.

“கண்ணுக்குத் தெரியுதே தம்பி, வேற என்ன வேணும்?” என்றார்.

வெளியே ஒருவர் காத்துக்கொண்டிருந்தார். பச்சைமலைப் பக்கம், மரவள்ளித் தோட்டம். கொடுவாளை வாங்கி, கட்டைவிரலால் வாயைக் குறுக்கே தடவிப் பார்த்தார். பிடியை ஓங்கி இரண்டுமுறை வீசினார். பூண் சரியாக இறங்கியிருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பணம் கொடுத்து, சாக்குத்துணியில் சுற்றிக் கயிறு கட்டி, அக்குளில் வைத்துக்கொண்டு துறையூர் பஸ்ஸைப் பிடிக்க நடந்தார்.

(தொடரும்)